ஓர் எண் மாறினால் படம் என்னாகும்?

(சங்கக் கூட்டத்தில் பேசியது)



உங்கள் செல்போனில் உள்ள மாங்கனித் திருவிழாப் படத்தைப் பெரிதாக்கினால் வண்ணப் புள்ளிகள் தெரியும். கோப்புக்குள்ளோ அத்தனையும் எண்கள். அந்த எண்களை வேண்டுமென்றே மாற்றிப் படத்தைக் கலைப்பதற்கு ‘கிளிட்ச் ஆர்ட்’ என்று பெயர். நெதர்லாந்தின் ரோசா மெங்க்மன் போன்றவர்கள் இதைத் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள்.

செய்முறை எளிது. படத்துக்கு ஒரு நகல் எடுங்கள். கணினியில் ஹெச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் அந்த நகலைத் திறங்கள். தொடக்கப் பகுதியைத் தொடாதீர்கள். தொட்டால் படமே திறக்காமல் போகலாம். நடுவில் இரண்டு மூன்று எண்களை மாற்றிச் சேமியுங்கள். மாற்றிய இடம் வரை படம் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே நிறம் மாறும், பட்டை பட்டையாக நகரும்.

ஏன் அப்படி? பேரேடு எழுதியவர்களுக்குச் சட்டென்று புரியும். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தையும் முழுதாக எழுதாமல், முந்தைய கட்டத்தோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறது. ஒரு வரியில் பிழை வந்தால், கீழே கொண்டுபோகும் இருப்பு எல்லாமே தப்பாகும். சாதாரண பிஎம்பி கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கணக்கு. மாற்றிய புள்ளி மட்டும்தான் கெடும்.

மெமரி கார்டு பழுதானால் இதே கோளாறு நம்மைக் கேட்காமலே நடக்கும். அதை யாரும் கலை என்று ரசிக்க மாட்டோம். போன படம் போனதுதான். ஆகவே விளையாட ஒரு நகல். கல்யாணப் படங்களுக்கு வேறு வேறு இடத்தில் இரண்டு நகல். வரும் ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டையும் செய்துவிடுங்கள்.