கல்கத்தாவில் ஒரு மார்கழிப் பகல்

கல்கத்தா மாநகரின் பெயர் 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என மாறிவிட்டது. எம்மைப் போல் பல ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவர்களின் வாய்தான் இன்னும் மாறியபாடில்லை. ஆகவே கல்கத்தா என்றே சொல்லுகிறோம், பொறுத்தருள வேண்டும்.

பிழைப்பை முன்னிட்டு வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு மார்கழி ஒரு சங்கடமான மாதம். ஊரில் திருப்பாவையும் வெண்பொங்கலுமாக விடியும் பொழுது, இங்கே கம்பளிக்குள் விடிகிறது. எனினும் இந்நகரின் குளிர்காலத்துக்கென ஒரு தனி இன்பம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. கடைத்தெருவில் ஆரஞ்சுப் பழம் குவிகிறது. புதிய பேரீச்ச வெல்லத்தின் மணம் தெருக்கோடியிலேயே நம்மை எதிர்கொள்கிறது. கிறிஸ்துமஸைப் பெரிய நாள் எனப் பொருள்படும் 'பொரோதின்' என்னும் பெயரால் அழைத்து, மதபேதமின்றிக் கொண்டாடுகிறார்கள் வங்காளிகள். அந்த ஆரவாரம் ஓய்ந்த பின், சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், தூய பவுல் பேராலயத்தைக் காணக் குடும்பத்துடன் புறப்பட்டோம்.

எம் தந்தையார் அப்போது திருச்சியிலிருந்து வந்திருந்தார். எம் அன்னை காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. தெப்பக்குளத்தருகே உள்ள வீட்டைப் பூட்டிவிட்டு அவர் இனி எங்களோடு தங்கிவிட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். மூன்று நாட்களில் ஊர் திரும்புவதற்கான ரயில் சீட்டோ அவர் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பேச்சை எடுக்க வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. வெளியில் போனால் பேச்சு தானே வரும் என்று எண்ணியதும் அன்றைய பயணத்துக்கு ஒரு காரணம்.

காளிகாட்டில் மெட்ரோ ஏறி ரவீந்திர சதனில் இறங்கினால் பேராலயம் நடை தூரந்தான். தந்தையாரின் தலையில் வங்காளிகள் உயிராய்ப் போற்றும் குரங்குக் குல்லாய். எம் மகள் அவருக்கு அணிவித்தது. "திருச்சியிலே இதைப் போட்டுக்கொண்டு போனால் நாய் துரத்தும்" என்றார். ஆயினும் கழற்றவில்லை.

எம் தொழில் மொழிபெயர்ப்பு. ஆதலால் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறாமல் இருக்க இயலவில்லை. 'கதீட்ரல்' என்பதைப் பேராலயம் என்று பெயர்க்கிறோம். அழகிய சொல்தான், ஆனால் அது அளவைக் குறிக்கிறது. மூலச் சொல்லோ நாற்காலியைக் குறிப்பது. 'கதீட்ரா' என்றால் இருக்கை. பேராயரின் இருக்கை எங்கே உள்ளதோ, அதுவே அப்பெயருக்கு உரிய கோயில்; கட்டடம் சிறியதாயிருப்பினும் தடையில்லை. இன்னார் இருக்குமிடம் என்பதே பொருள்.

இக்கோயில் சிறியதன்று. நீளம் 247 அடி, அகலம் 81 அடி. பேராயர் டேனியல் வில்சன் முயற்சியில் 1839-இல் அடிக்கல் நாட்டி, 1847-இல் திருநிலைப்படுத்தினார்கள். கட்டட அமைப்பை வகுத்தவர் வில்லியம் நேர்ன் ஃபோர்ப்ஸ் என்னும் இராணுவப் பொறியாளர். உள்ளே நுழைந்ததும் நம்மைக் கவர்வது அந்த அகன்ற வெளி. கண்ணை மறிக்கும் தூண் வரிசைகள் இல்லை.

கோபுரத்தின் கதை வேறு. முதலில் கட்டிய ஊசிக் கோபுரத்தை 1897-ஆம் ஆண்டின் பூகம்பம் சிதைத்தது, செப்பனிட்டார்கள். 1934 ஜனவரியில் பீகாரை அழித்த பூகம்பம் மீண்டும் அதை வீழ்த்திற்று. அதன் பின் ஊசி முனை வேண்டாமென்று, இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்திலுள்ள 'பெல் ஹாரி' கோபுரத்தைப் போல் சதுரமாக எழுப்பினார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் சாயலைக் கட்டிப் பார்ப்பதில் நாம் வியக்க ஒன்றுமில்லை. லேக் மார்க்கெட்டில் நாம் வாழையிலைக்கும் முருங்கைக்காய்க்கும் அலைவது வேறென்ன?

முழந்தாளிட்ட நிலையில் ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது. சான்ட்ரி என்னும் ஆங்கிலச் சிற்பி வடித்தது. எம் மகள் பெயரைப் படித்தாள்: "ரெஜினால்ட் ஹீபர்."

தந்தையார் நின்றுவிட்டார். "எங்கள் பள்ளிக்கூடமல்லவா!" என்றார். திருச்சி பிஷப் ஹீபர் பள்ளியில் படித்தவர் அவர்.

இந்த ஹீபர் 1823-இல் கல்கத்தாவின் பேராயராக வந்தவர். கிறிஸ்தவப் பாடல்கள் பல இயற்றிய கவிஞர். அந்நாளில் சென்னையும் தஞ்சையும் இவருடைய ஆளுகைக்கு உட்பட்டவையே. 1826-இல் தெற்கே பயணம் செய்தார். தஞ்சையில் சரபோஜி மன்னரைக் கண்டார். ஏப்ரல் 3-ஆம் நாள் காலை திருச்சிக் கோட்டைக் கோயிலில் வழிபாடு நடத்திவிட்டு, தங்கியிருந்த இடத்தருகே நீராடச் சென்றவர் அந்த நீரிலேயே உயிர் நீத்தார். வயது 42. திருச்சி தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். எம் வயதை ஒத்தவர் என்பது அந்தக் கணத்தில் சற்றே சுருக்கென்றது.

"அந்தக் கல்லறையைச் சின்ன வயதிலே பார்த்திருக்கிறேன்" என்றார் தந்தையார். "இங்கே இருப்பது சிலை. மனிதர் எங்கள் ஊரிலே இருக்கிறார்."

நண்பகலில் கதவை அடைத்தார்கள். மைதானத்துப் புல்வெளியில் அமர்ந்து புளியோதரையும் ஆரஞ்சும் உண்டோம். எம் துணைவியார்தாம் பேச்சைத் தொடங்கினார். "மாமா, இங்கேயே இருந்துவிடுங்களேன்."

அவர் ஆரஞ்சுத் தோலை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக்கொண்டிருந்தார். "இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை, அம்மா. வீட்டிலே காலையில் நான் விளக்கேற்றாவிட்டால் அவள் படத்துக்கு முன்னே வேறு யார் ஏற்றுவார்?" என்றார். நாங்கள் விடை சொல்லவில்லை. படத்தை இங்கே கொண்டு வரலாமே என்று சொல்ல வாயெடுத்தோம்; காலையில் அந்தச் சிலையின் முன் அவர் கூறியது நினைவுக்கு வர, அடக்கிக்கொண்டோம்.

பிற்பகலில் மீண்டும் உள்ளே சென்றோம். மேற்குச் சாளரத்து வண்ணக் கண்ணாடியை மாலை வெயிலில் காண வேண்டுமென்று மகள் பிடிவாதம் பிடித்தாள். 1872-இல் அந்தமானில் கொலையுண்ட வைசிராய் மேயோ பிரபுவின் நினைவாக, பர்ன்-ஜோன்ஸ் என்னும் ஓவியர் வரைந்து 1880-இல் அமைத்தது அது. சாய்ந்த வெயில் பட்டதும் நீலமும் செம்மையும் கனன்றன. தாத்தாவும் பேத்தியும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து, வெளிச்சம் மங்கும் வரை எழுந்திருக்கவில்லை. நிறங்களின் வங்காளிப் பெயர்களை அவள் சொல்ல, அவர் தப்பும் தவறுமாய்த் திருப்பிச் சொன்னார்.

ரயில் சீட்டை ரத்துச் செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. ஹௌராவில் வண்டி ஏறும்போது அவருடைய பையில் ஒரு கட்டிப் பேரீச்ச வெல்லமும் ஆறு ஆரஞ்சும் இருந்தன. குல்லாய் தலையிலேயே இருந்தது. "கூடூர் தாண்டின பிறகு கழற்றிக்கொள்கிறேன்" என்று பேத்தியிடம் சொன்னார்.