பேட்டரி முனையில் பூக்கும் உப்பு



விடியற்காலையில் பால்வெட்டுக்குப் புறப்படும் வேளையிலோ, நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வேளையிலோ சாவியைத் திருப்புகிறோம். கார் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, புதியது வாங்கக் கடன் கேட்டு அலைவோர் பலர். அவ்வாறு அலைவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று பேச வந்துள்ளோம்.

முனைகளின்மேல் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருக்கலாம். உள்ளிருக்கும் கந்தக அமிலம் ஆவியாகவும் கசிவாகவும் வெளிவந்து, ஈயத்தை வெள்ளை உப்பாகவும் செம்பை நீல உப்பாகவும் மாற்றிவிடுகின்றது. இவ்வுப்பு மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. விளக்கெரியச் சிறிதளவு மின்னோட்டம் போதும். ஆதலால் விளக்கு எரியும், நாமும் ஏமாந்துபோவோம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 150 ஆம்பியர் அளவு வேண்டியிருக்கும். முனையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். பன்னிரண்டில் மூன்று போனபின் எஞ்சின் எவ்வாறு சுழலும்?

ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலத்தோடு பழகிய உங்களுக்கு அமிலத்தின் குணத்தை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பேட்டரியில் உள்ளது அதனினும் வீரியம் மிக்கது. எனவே கண்ணாடியும் கையுறையும் அணியாமல் தொடாதீர்கள். மோதிரம், காப்பு, வளையல் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிவருமாதலால் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள்; சுருட்டும் சிகரெட்டும் அப்பால் இருக்கட்டும். பிள்ளைகளும் அருகில் வேண்டாம்.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தபின், கழித்தல் குறியிட்ட முனையின் ஒயரை முதலில் கழற்றுங்கள். இந்த வரிசை மிக முக்கியம். கூட்டல் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடலில் பட்டுவிட்டால் பெருந்தீப்பொறி பறக்கும். ஸ்பேனரே பழுக்கக் காய்ந்துவிடும். மீண்டும் பூட்டும்போது கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில்.

சிலர் கோலா பானத்தை ஊற்றிக் கழுவுகின்றனர். அதுவும் ஓர் அமிலமே. அமிலத்தை அமிலத்தால் தணிக்க இயலாது. அடுப்பங்கரையில் உள்ள ஆப்பச் சோடா ஒரு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு கோப்பை நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய பல்துலக்கியால் தொட்டுத் தொட்டு முனையிலும் ஒயரின் கவ்வியிலும் தேய்த்தால் நுரை பொங்கும். நுரை அடங்கும்வரை தேய்க்கலாம். பேட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா நீர் உள்ளே இறங்கினால் பேட்டரி கெடும். பிறகு சிறிது நல்ல நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஈயம் பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையால் தேயுங்கள். ஒயரை அசையாதபடி முடுக்கியபின் மேலே சிறிது வாசலின் பூசுங்கள். சுத்தம் செய்யாமல் உப்பின் மீதே அதைப் பூசுவதில் பயனில்லை.

பொடியில் ஈயம் இருப்பதால், துடைத்த துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடவும் வேண்டாம். அமிலம் கண்ணில் தெறித்தால் சோடாவைத் தேடி ஓடாதீர்கள். ஓடும் நல்ல நீரில் குறைந்தது 20 நிமிடம் கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சுத்தம் செய்த சில வாரங்களிலேயே உப்பு மீண்டும் பூத்தால், முனையின் அடிப்பகுதி வெடித்திருக்கலாம். அல்லது மின்னேற்றம் மிகையாக இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது முனைகளுக்கிடையே வழக்கமாக 14 வோல்ட் அளவே இருக்கும். 15-ஐத் தாண்டுகிறதா என்று பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தாண்டினால் பழுது பேட்டரியில் அன்று, அதற்கு மின்னேற்றும் கருவியில்தான்.