தாசன் என்னும் புனைபெயர்



புனைபெயர் முகத்தை மறைக்கும் திரை என்பர். புதுவையிலோ அது நன்றிக்கடனின் முத்திரையாயிற்று.

1891இல் இந்நகரில் பிறந்த கனக சுப்புரத்தினம், 1908இல் இங்கு வந்து சேர்ந்த பாரதியிடம் நெஞ்சைப் பறிகொடுத்துப் பாரதிதாசனானார். சுயமரியாதை பாடிய கவிஞர் தம்மைத் 'தாசன்' எனலாமோ என்ற வினா எழுந்தும் அப்பெயரை அவர் விட்டாரில்லை.

1921இல் பழையனூரில் பிறந்த இராசகோபாலன், சுப்புரத்தினதாசன் எனப் பெயர் பூண்டார். அதுவே 'சுரதா' எனச் சுருங்கிற்று. ஆசான் ஒதுக்கிவைத்த இயற்பெயர் மாணவரின் புனைபெயருள் உயிர்த்தது. தாசன் ஓரெழுத்தாய்க் குறுகினும் பற்றுக் குறுகவில்லை. ஆயினும் அவர் 'உவமைக் கவிஞர்' எனத் தனிப்புகழ் எய்தினார். பெயரில் தாசன், பாட்டில் தலைவன்.

புனைபெயர் தேடும் இளங்கவிஞர்களே! பெயரில் கடனைச் சொல்லுங்கள். பாட்டில் கடன் வாங்காதீர்கள்.