‘ஈ-ஆர்’ என்னும் இரண்டெழுத்து ஈறு



வெள்ளி விழா மேடையில் இலக்கணமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் ஆங்கிலத் தாளில் நம் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் நீண்ட சொற்களில் அன்று; சிறிய ஈறுகளில்தான். ஆகவே ‘ஈ’, ‘ஆர்’ என்னும் இரண்டெழுத்து ஈற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வினையோடு சேர்ந்தால் இது செய்பவரைக் காட்டும். ‘டீச்’ என்றால் கற்பித்தல்; ‘டீச்சர்’ கற்பிப்பவர். அதே ஈறு கருவியையும் காட்டும். ‘குக்கர்’ சமையற்காரர் அல்லர், பாத்திரம். சமைப்பவர் வெறும் ‘குக்’. ‘ரூலர்’ என்பதோ நாட்டை ஆள்பவருக்கும் உங்கள் பையிலுள்ள அளவுகோலுக்கும் பொது. ஊர்ப்பெயரோடு சேர்ந்து ‘லண்டனர்’ என்றால் அவ்வூரார். ‘ஹை’ என்னும் பண்புச்சொல்லோடு சேர்ந்து ‘ஹையர்’ என்றானால், ஒன்றைவிட உயர்ந்தது என்று பொருள். இந்த ஒப்பீட்டு ஈறு பிறப்பிலேயே வேறு. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி உருவம் கொண்டிருந்தன. தேய்ந்து தேய்ந்து ஒன்றுபோல் ஆயின.

சில சொற்களில் இது ஈறே அன்று. ‘லெதர்’ என்பதை வெட்டி ‘லெத்’ என்றொரு வினையைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை. இவ்விழாவுக்குப் பெயர் தந்த ‘சில்வரும்’ அத்தகையதே.

இனி நம் ஊருக்கு வருவோம். ‘டேன்’ என்றால் தோலைப் பதனிடுதல், ‘டேனர்’ பதனிடுபவர். (பிரிட்டனில் பழைய ஆறு பென்சு நாணயத்துக்கும் பேச்சுவழக்கில் இதே பெயர் இருந்தது, அது தனிக்கதை.) அகராதிப்படி பார்த்தால், சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவரே டேனர். ஆனால் வாணியம்பாடியில் தோல் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ‘வாணிடெக்’ நிறுவனத்தின் முழுப்பெயரில் வரும் ‘டேனர்ஸ்’ என்னும் சொல்லைக் கேட்டால் நம் நினைவுக்கு வருபவர் யார்? ஆலை உரிமையாளரே. குழியில் நின்ற நம் பாட்டனாருக்குக் ‘கூலி’ என்பதே பெயராயிற்று. செய்தவருக்குரிய ஈறு செய்வித்தவருக்குப் போய்விட்டது. இதில் இலக்கணப் பிழை இல்லை. உடைமையின் வலிமை இருக்கிறது.

இதற்கு எதிர் ஈறு ஒன்றுண்டு: ‘ஈ-ஈ’. பிரெஞ்சு வழியாக வந்தது. ‘எம்ப்ளாயர்’ வேலைக்கு அமர்த்துபவர், ‘எம்ப்ளாயீ’ அமர்த்தப்பட்டவர். வியர்வை சிந்துபவர் இங்கே செயப்படுபொருள் ஆகிவிடுகிறார், பாருங்கள்! தொழிற்சாலை நியமனக் கடிதங்களில் இவ்விரண்டும் பத்திக்குப் பத்தி வரும். முன்னறிவிப்பு எத்தனை நாளுக்கு முன், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது கடைசி எழுத்தில்தான் இருக்கிறது. கையெழுத்திடுமுன் அதை விரல் வைத்துப் படியுங்கள்.

தமிழிலும் ‘ர்’ ஈறு உண்டு. ஆங்கிலத்தோடு அதற்கு உறவு இல்லை. பலரைக் குறிப்பதற்கு உரியது அது. ஒருவரையே பன்மையால் உயர்த்திச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமும் அறியும். அந்த உயர்வு எல்லார்க்கும் கிட்டியதா? குறள் தந்தவரை வள்ளுவர் என்கிறோம். அட்டவணைச் சாதிகளின் பட்டியலோ அதே பெயருடைய சமூகத்தை ‘வள்ளுவன்’ என்கிறது; ‘ஆதி திராவிட’ என்பதும் ‘ர்’ இன்றியே நிற்கிறது. ஆங்கில எழுத்தில் ‘என்’, ‘ஏ’ என முடியும் இத்தகைய பெயர்களை ‘ஆர்’ என முடியுமாறு திருத்த வேண்டுமெனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஓர் எழுத்துக்கு இவ்வளவு முயற்சியா என வியக்க வேண்டா. 1950ஆம் ஆண்டின் ஆணையிலுள்ள அப்பட்டியலை, அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தால்தான் திருத்த முடியும். ஏழு பெயர்களைத் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என ஒன்றாக்கவும் 2021இல் தனிச்சட்டமே வேண்டியிருந்தது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். மதிப்புக் கருதி நீங்களாக விண்ணப்பத்தில் ஓர் ‘ஆர்’ சேர்த்துவிடாதீர்கள். சாதிச் சான்றிதழில் எந்த எழுத்துகள் உள்ளனவோ அவற்றையே எழுதுங்கள். ஐயமிருந்தால் மாலையில் சான்றிதழோடு பள்ளிக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.