தொட்டியில் மீன் வளர்ப்போம், கரண்டையும் கணக்கில் வைப்போம்

(கொல்லிமலையில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



மீன் நமக்குப் புதுசு இல்லை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனால் ஐயாற்று மீனுக்குப் பொரி போடாமல் வரமாட்டோம். குழம்பில் கொதித்த மீனே உயிர் பெற்று ஆற்றில் ஓடின கதையும் நமக்குத் தெரியும். ஆனா நம்ம தொட்டியில் செத்த மீன் திரும்ப ஓடாதுங்க. அதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மறுசுழற்சி மீன் தொட்டிக்குக் கடன் கேட்டு இந்த மாசம் மனு வந்திருக்கு. அதனாலதான் பேச வந்தேன்.

மறுசுழற்சி முறைன்னா, ஒரே தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்பத் திரும்பத் தொட்டிக்கு விடுறது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் முதல் வடிகட்டியில் தங்கிடும். ஆனா கண்ணுக்குத் தெரியாத அமோனியா தண்ணியில் கரைஞ்சு நிற்கும். 1 கிலோ தீனி போட்டால் சுமார் 30 கிராம் அமோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். இரண்டாவது வடிகட்டியில் வளரும் நல்ல கிருமிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாத்தும். நைட்ரேட் மீனை அவ்வளவாகப் பாதிக்காது, செடிக்கு உரம். பிறகு காற்று ஏற்றித் தண்ணியைத் தொட்டிக்கு அனுப்புவோம். தினமும் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ புதுத் தண்ணி விட்டால் போதும். கோடையில் குடத்தோடு ஊற்றுக்கு நடக்கிற நமக்கு இது நல்ல செய்திதான்.

உறை ஊத்தின உடனே பால் தயிராகுமா? அதுபோல அந்தக் கிருமி பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் குஞ்சு கொஞ்சமாத்தான் விடணும். குளோரின் கலந்த தண்ணியை அப்படியே ஊத்தினா கிருமியும் சாகும், மீனும் சாகும்.

இப்போ எங்க கதை. எங்க குழு ஒரு சின்னத் தொட்டி வெச்சோம். மீன் நல்லா வளர்ந்தது. காசு மிச்சம் பிடிக்கலாம்னு இன்வெர்ட்டர் வாங்கலை. ஒரு ராத்திரி காத்தும் மழையும். மரம் விழுந்து கம்பி அறுந்துபோச்சு. நாங்க தூங்கிட்டோம். விடிஞ்சு பார்த்தா அத்தனையும் வெள்ளையா மிதக்குது. நெருக்கமா மீன் இருக்கிற தொட்டியில் காற்று நின்றால் அரை மணி நேரமே ஆபத்து. ஆறு மாசத் தீனிக் காசு போச்சு. அன்னைக்கு நாங்க அழுததை எங்க வீட்டு ஆளுங்களுக்குக்கூடச் சொல்லலை.

அதனால கணக்கைப் பாருங்க. 100 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாசத்துக்கு 144 யூனிட். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை அலகுக்கு 50,000 ரூபாய் மதிப்பு வெச்சாங்க. பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். நம்ம பங்கு 20,000. ஏழரை லட்சம் ரூபாய் அலகுன்னா நம்ம பங்கே 3 லட்சம். மானியம் இப்போ இருக்கா, எப்போ கைக்கு வரும்னு மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

குளிரையும் மறக்காதீங்க. திலேப்பியா மீன் வெதுவெதுப்பான தண்ணி கேட்கும். மார்கழி, தை மாசம் நம்ம மலையில் தீனி எடுக்காது, வளராது. அதை வளர்க்க அனுமதியும் வாங்கணும். சாதாக்கெண்டை குளிரைத் தாங்கும்.

நான் வேண்டாம்னு சொல்ல வரலை. எங்க குழு மறுபடியும் தொட்டி வைக்கப் போறோம். இந்தத் தடவை பேட்டரி வாங்கின பிறகுதான் குஞ்சு வாங்குவோம். ராத்திரி காவலுக்கு முறை போட்டிருக்கோம். வடிகட்டிக் கழிவு மிளகுக் கொடிக்கும் காய்கறிக்கும் போகும். முதல் வருஷம் வீட்டுக் குழம்புக்கும் பக்கத்து வீட்டு விற்பனைக்கும் மட்டும்தான்.

தோழிகளே, பெரிய தொட்டிக்குக் கடன் கேட்கிற குழு முதலில் ஒரு சின்னத் தொட்டியை ஒரு குளிர்காலமும் ஒரு மழைக்காலமும் நடத்திக் காட்டட்டும். இதைத் தீர்மான நோட்டில் எழுதணும்னு கேட்டுக்கிறேன். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு நம்மது. அது ஒரே ராத்திரியில் மிதக்கக் கூடாது.