எரேமியா வாங்கிய காணி
(நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



எரேமியாவைக் கண்ணீரின் தீர்க்கதரிசி என்றே ஞாயிறு பாடசாலையில் படித்தோம். இன்று அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றியும், வாங்கிய ஒரு காணியைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஆனதோத் என்ற சிற்றூரில், ஆசாரியர் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். யோசியா அரசனின் 13ஆம் ஆண்டில், கி.மு. 627 அளவில், அழைப்பு வந்தது. தாம் சிறுபிள்ளை, பேசத் தெரியாது என்று மறுத்துப் பார்த்தார். மறுப்பு ஏற்கப்படவில்லை. அவருக்கு ஒப்படைக்கப்பட்ட பணியைச் சொல்லும் ஆறு வினைச்சொற்களில் நான்கு பிடுங்குவதையும் இடிப்பதையும் பற்றியவை. கட்டுவதையும் நடுவதையும் பற்றியவை இரண்டுதான்.

அந்த நான்கிற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாருக்கைக் கொண்டு எழுதுவித்த சுருளை யோயாக்கீம் அரசன் கத்தியால் அறுத்து நெருப்பிலிட்டான். எரேமியா மறுபடியும் சொன்னார். பாருக் மறுபடியும் எழுதினார். பின்னர் சேறு நிறைந்த துரவிலே இறக்கப்பட்டபோது, எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியரே அவரைத் தூக்கி எடுத்தார். கயிறு உரஞ்சாதபடி அக்குளில் வைக்கப் பழந்துணிகளும் கொடுத்தார்.

மற்ற இரண்டு சொற்களுக்கு வருகிறேன்.

கி.மு. 597இல் யூதாவின் மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டனர். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவர் எருசலேமில் முழங்கினார். எரேமியாவோ சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டினத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள், 70 ஆண்டு செல்லும் என்று. அதை வாசித்தவர்களிற் பெரும்பாலானோர் ஊர் திரும்பப் போவதில்லை என்பதே அதன் பொருள். கசப்பான உண்மைதான். ஆனால் பொய்யான ஆறுதலில் காத்திருந்து வாழ்நாளைக் கழிக்க அவர் அவர்களை விடவில்லை.

பத்து ஆண்டுகள் சென்றன. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தனர். எரேமியா காவலில் இருந்தார். அப்போது அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கும்படி கேட்டார். வாங்குபவர் கைதி, மனைவி மக்கள் இல்லாதவர். நாடோ கைவிட்டுப் போகிறது. ஆயினும் அவர் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையொப்பமிட்டனர். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகே, இது ஏன் ஆண்டவரே என்று ஜெபத்தில் கேட்டார்.

காணி உறுதியின் கனம் எங்களுக்குத் தெரியும். வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாட்களில் பிள்ளைகளோடு எத்தனை தாய்மார் அதையும் சுமந்துகொண்டு நடந்தார்கள்!

சகோதரிகளே, கடிதத்தையும் உறுதியையும் எழுதுவித்தவர் ஒருவரே. போன இடத்தில் வேரூன்றுங்கள் என்றவர், விட்டு வந்த இடத்தை மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவிகள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. அங்குள்ள அயலாருக்கு நன்மை செய்யுங்கள். இங்கே படிக்கும் பிள்ளைகளுக்காகவும் ஒரு காணி வாங்குங்கள். அது ஒரு புலமைப்பரிசிலாக இருக்கலாம், ஒரு நூலக அலுமாரியாகவும் இருக்கலாம்.

எரேமியா அந்த நிலத்தில் ஒரு நாளாவது பயிரிட்டதாக வேதாகமம் சொல்லவில்லை. அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் எஸ்றாவின் புத்தகம், பாபிலோனிலிருந்து திரும்பியவர்களை ஊர் ஊராக எண்ணும்போது, ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று குறித்து வைத்திருக்கிறது.

கட்டவும் நடவும் ஆண்டவர் எங்களுக்குப் பெலன் தருவாராக.