சுப்ரீம் கோர்ட்டின் கதவு யாருக்குத் திறக்கும்?

(வடசென்னைத் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலை வாசலில் நின்று கோர்ட்டைப் பற்றிப் பேசினால் இரண்டு பேச்சுகள் காதில் விழும். "கோர்ட்டெல்லாம் பணக்காரனுக்குத்தான், நமக்கெதற்கு?" என்பது ஒன்று. "சுப்ரீம் கோர்ட் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்பது மற்றொன்று. இரண்டுமே நம்மைக் கைகட்டி உட்கார வைக்கும் பேச்சுகள். அந்தக் கோர்ட் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை வழக்குகளைக் கொண்டே பார்ப்போம்.

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, 28-ந் தேதி, டில்லியில் சுப்ரீம் கோர்ட் தொடங்கியது. பிரதம நீதிபதியையும் சேர்த்து அன்று 8 நீதிபதிகளுக்கு இடம். 2019-ல் அது 34 ஆயிற்று. எல்லா நீதிபதிகளும் சேர்ந்து எல்லா வழக்கையும் கேட்பதில்லை. சாதாரண வழக்கை இரண்டு பேரோ மூன்று பேரோ கேட்பார்கள். அரசியல் சட்டத்துக்கே பொருள் சொல்லவேண்டிய பெரிய கேள்வி என்றால் குறைந்தது ஐந்து பேர் உட்கார வேண்டும்.

அங்கே போக வழிகள் உண்டு. கீழ்க் கோர்ட், ஹைக்கோர்ட் என்று படிப்படியாக ஏறும் அப்பீல் ஒரு வழி. அடிப்படை உரிமையில் சர்க்கார் கைவைத்தால், 32-வது ஷரத்தின்படி நேராகவே போவது இன்னொரு வழி. அப்படிப் போவதே ஓர் அடிப்படை உரிமை. 226-வது ஷரத்தின்படி இதே அதிகாரம் ஹைக்கோர்ட்டுக்கும் உண்டு. சென்னை ஹைக்கோர்ட் நமக்கு ராயபுரம் தாண்டினால் பாரிமுனையில் நிற்கிறது.

இந்த 32-வது ஷரத்தின் கதவை முதலில் தட்டியவர்கள் யார்? சென்னை ராஜ்யத்துச் சிறையிலிருந்து தோழர் ஏ. கே. கோபாலன் தட்டினார். விசாரணை இல்லாமல் 1947 டிசம்பரிலிருந்து அவரைச் சர்க்கார் அடைத்து வைத்திருந்தது. 1950-ல் தடுப்புக் காவல் சட்டம் வந்ததும், அதன்படி புதிய உத்தரவு போட்டார்கள். "ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்து, அடைத்தது நியாயமா என்று பார்" என்று கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. கோபாலன் அதைப் போட்டார். எம். கே. நம்பியார் வாதாடினார். ஆறு நீதிபதிகள் கேட்டார்கள்.

1950 மே 19-ல் தீர்ப்பு வந்தது. சட்டசபை செய்த சட்டப்படி பிடித்தால் போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று கோர்ட் துருவாது என்றது பெரும்பான்மை. கோபாலன் விடுதலையாகவில்லை. ஆனால் 14-வது பிரிவு அடிபட்டுப் போயிற்று. காவலில் வைத்த காரணத்தைக் கோர்ட்டில்கூட வெளியிடக் கூடாது என்று சொன்ன பிரிவு அது. தோல்வியிலும் கிடைத்த இந்த வெற்றி சிறிதல்ல. இன்று குண்டர் சட்டத்தில் மகனைப் பறிகொடுத்து ஹைக்கோர்ட்டுக்கு ஓடும் தாய், அந்தக் காரணங்களை நீதிபதி முன் விரித்துக் காட்ட முடிகிறதே, அதற்குப் பின்னால் இந்த வழக்கு நிற்கிறது.

கோபாலன் தீர்ப்பு வந்து ஒரு வாரத்தில், மே 26-ல், இன்னொரு வழக்கு. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை பம்பாயில் வெளிவந்தது. அது நம் ராஜ்யத்துக்குள் வரக் கூடாதென்று சென்னை சர்க்கார் தடை போட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டார். தடை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. பத்திரிகையை அச்சடிக்கும் உரிமை மட்டும் போதாது; அது மக்கள் கைக்குப் போய்ச் சேரும் உரிமையும் பேச்சுரிமைதான் என்றது. சர்க்கார் என்ன செய்தது? 1951-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளைப் போட்டது.

மூன்றாவது வழக்கும் சென்னை வழக்குதான். மக்கள் கல்விச் சங்கத்தை 1950-ல் சர்க்கார் சட்டவிரோதமென்று அறிவித்தது. பாரிஸ்டர் வி. ஜி. ராவ் ஹைக்கோர்ட்டுக்குப் போய் வென்றார். சர்க்கார் அப்பீல் செய்தது. 1952 மார்ச் 31-ல் சுப்ரீம் கோர்ட்டும் ராவ் பக்கமே தீர்ப்பளித்தது. சங்கத்தைத் தடை செய்யும் காரணம் சரியா என்று கோர்ட் பரிசீலிக்க வழியில்லாத சட்டம், சங்கம் வைக்கும் உரிமைக்கு விரோதம் என்றது. தொழிற்சங்கம் வைத்திருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும்.

அப்படியானால் கோர்ட் எப்போதும் நம் பக்கமா? பெரம்பூர் பின்னி ஆலைக்கு வாருங்கள். 1948 நவம்பர் 1 சூரிய கிரகணம். அன்று முற்பகல் லீவு கேட்டார்கள்; நிர்வாகம் மறுத்தது. இரவு ஷிப்டைச் சேர்ந்த 859 பேர் சில மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். இது சட்டவிரோத வேலைநிறுத்தம், சர்வீஸ் அறுந்துவிட்டது, சம்பளத்தோடு ஆண்டு லீவு கிடையாது என்றது நிர்வாகம். சுப்ரீம் கோர்ட் வரை வழக்குப் போயிற்று. 1952-ல் நிர்வாகத்தின் வாதமே அங்கே ஜெயித்தது. ஒரு மாலை நேரத்து நிறுத்தத்துக்கு ஒரு வருஷத்து லீவு போயிற்று! 1996-ல் ஆலையே மூடப்பட்டது. தீர்ப்பு மட்டும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

2003-ல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த சர்க்கார் ஊழியர் லட்சக்கணக்கானோர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். தோழர் டி. கே. ரங்கராஜன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பெரும்பாலோருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் சர்க்கார் ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்ற வாசகமும் தீர்ப்பில் சேர்ந்து வந்தது.

எமர்ஜென்சியில் நடந்ததையும் மறக்க முடியாது. 1976-ல் சிறையில் கிடந்தவர்களின் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்கவே முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச். ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்தார்.

ஆனால் தோழர்களே, தீர்ப்பு என்பது கல்லில் வெட்டியதல்ல. எமர்ஜென்சியை மக்கள் 1977 தேர்தலில் தூக்கியெறிந்தார்கள். மறு வருஷமே, மேனகா காந்தி வழக்கில், ஆளைப் பிடிக்கும் சட்டமும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது அதே கோர்ட். கோபாலன் 1950-ல் கேட்டதும் அதைத்தானே! 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் சார்பில் ஜனநாயக உரிமை இயக்கம் எழுதிய ஒரு கடிதமே மனுவாயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, 23-வது ஷரத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. எண்ணூர் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் பொன்னேரி வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் அது பொருந்தும்.

வழக்குக்குப் பணம்? 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. தாலுகா கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள். கூலிச் சீட்டு, வருகைப் பதிவு, நோட்டீஸ், எதையும் தொலைக்காதீர்கள். காகிதம் இல்லாத நியாயம் கோர்ட்டில் ஊமை.

1923 மே 1-ல் தோழர் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்திய இடங்களில் ஒன்று, ஹைக்கோர்ட்டுக்கு எதிரே இருந்த கடற்கரை. அன்று உரிமைகளை எழுதிவைத்த அரசியல் சட்டமே கிடையாது. கடற்கரையில் கூடிக் கேட்டவை பிறகு சட்டமாயின. சட்டமானவற்றைப் பிடுங்க வந்தபோது கோர்ட்டில் காத்தோம். கோர்ட் கைவிட்டபோது மறுபடி கூடினோம். சங்கம் பலமாக இருந்தால் மனுவுக்கும் பலம் உண்டு. கோர்ட்டுக்கும் போவோம், சங்கத்தையும் கட்டுவோம்!